வழக்கு நடக்கிற பக்கத்து வளவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? (மத்தேயு 5:44)

நிலாவெளி மறையாசிரியை

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மலைப்பொழிவு, மத்தேயு 5ஆம் அதிகாரம், 38 முதல் 48 வரை. "உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள். உங்களைத் துன்புறுத்துவோருக்காக இறைவனிடம் வேண்டுங்கள்." பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிற பகுதிதான். இந்த முறை எங்கள் படலைக்கே வந்துவிட்டது.

பக்கத்து வளவோடு எங்களுக்கு எல்லை வழக்கு. 1990இல் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது கதியால் வேலி எங்கள் பக்கம் தள்ளி நின்றது. கேட்கப் போன என் மாமியாரை அந்த வீட்டுக்காரர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வயது போன மனுஷி, அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கோட்டுக்குப் போனோம்.

இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம். அவர்களுடைய கிணறு உவர்த்துப் போய்விட்டது. எங்கள் கிணற்றில் இன்னும் நல்ல தண்ணீர். பிரதேச சபையின் தண்ணீர் பவுசரை நம்பி இருக்க முடியாது. அந்த மனிதர் வரவில்லை, மனைவிதான் வந்து படலைக்கு வெளியே நின்று, "குடிக்க மட்டும்தான் அக்கா" என்று கேட்டார். கொண்டு வந்திருந்த கான்களை நிரப்பிக் கொடுத்தேன்.

இரவு வீட்டில் சண்டை. "வழக்கு நடக்கும்போது இதெல்லாம் தேவையா? நாளைக்கு இதையே காட்டி உரிமை கேட்பார்கள்" என்று கணவர் சொல்கிறார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். ஆண்டவர் சொன்னதைச் செய்வதென்றால் வழக்கை விட வேண்டுமா? மனதில் கோபத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தால் அது வெறும் வேஷமா?

உவர்மலை ரூபன்

அக்கா, கோபிக்க வேண்டாம், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நல்லவர்கள் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் நம்முடைய ஊர்களில் பாதி வளவு பறிபோனது. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்பதைக் காலகாலமாக அடி வாங்குகிறவனிடம்தான் சொல்கிறார்கள். அடிக்கிறவனைக் கூப்பிட்டு யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. முதலில் அவர் வந்து உங்கள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கட்டும். தண்ணீரை அப்புறம் பார்க்கலாம்.

கச்சேரியடி

சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தொடர்ந்து, தடையில்லாமல், உரிமைக்காரருக்கு எதிராக ஒன்றை அனுபவித்தால்தான் உரிமை கோரலாம். உங்கள் அனுமதியோடு எடுக்கிற தண்ணீர் "எதிரான அனுபவிப்பு" ஆகாது. ஆகவே அனுமதி கொடுத்ததற்கு எழுத்தில் ஆதாரம் வையுங்கள். "இந்த வறட்சி முடியும் வரை குடிநீர் எடுக்க அனுமதிக்கிறோம், இது வழக்கில் எங்கள் உரிமையைப் பாதிக்காது" என்று இரண்டு வரி போதும். உங்கள் சட்டத்தரணியிடம் காட்டி, அவர் மூலமாகவே அனுப்புங்கள்.

இன்னொன்று. வேலியில் ஆள் போய்வரப் பொட்டு (இடைவெளி) விட வேண்டாம். தெருப்பக்கப் படலையில் வைத்தே கொடுங்கள்.

அப்புறம், இடம்பெயர்ந்திருந்த காலத்தைக் காட்டி அவர் தரப்பு "பத்து வருடம் ஆகிவிட்டது" என்று வாதாடினால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலாவதி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் தங்கள் உரிமையைக் கேட்டுப் போக முடியாமல் இருந்தவர்களுக்காகக் கொண்டுவந்தது. உங்கள் வழக்கில் அது பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள்.

டொக்யார்ட் வீதி

தங்கச்சி, நான் மெதடிஸ்த சபைக்காரன், எங்கள் வேதாகமத்தில் உள்ளபடியே எழுதுகிறேன். பவுல் ரோமருக்கு எழுதியது உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது: "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு, அவன் தாகமாயிருந்தால், அவனுக்குப் பானங்கொடு." அவன் மன்னிப்புக் கேட்டிருந்தால் கொடு என்றோ, உன் மனம் ஆறியிருந்தால் கொடு என்றோ அங்கே இல்லை. தாகம் இருக்கிறதா, கொடு. அவ்வளவுதான். பவுல் இதைப் புதிதாகச் சொல்லவுமில்லை, நீதிமொழிகள் 25இலிருந்து எடுத்துச் சொல்கிறார். அதற்கும் முந்தி யாத்திராகமம் 23இல் மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது. உன் சத்துருவின் மாடு தப்பிப்போவதைக் கண்டால் அவனிடம் கொண்டுபோய் விடு. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிட அவனுக்கு உதவி செய். ரோட்டில் நின்று, பேச்சுவார்த்தை இல்லாத மனுஷனோடு சேர்ந்து, ஒரு பக்கம் நீங்களும் மறுபக்கம் அவரும் கழுதையைப் பிடித்துத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பேருடைய மனதிலும் என்ன இருந்தது என்று சட்டம் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வேஷம் இல்லை. வேதம் கேட்கிற அன்பு முதலில் கையால் செய்கிற காரியம். மனம் பின்னால் வந்தால் நல்லது, வர நாளெடுத்தாலும் தண்ணீர் காத்திருக்கக் கூடாது. 1957இல் மொண்ட்கொமரியில் மார்ட்டின் லூதர் கிங் இதே மத்தேயு 5:44ஐ வைத்துப் பிரசங்கம் பண்ணினார். சத்துருக்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இயேசு சொல்லவில்லை, அன்பு செய்யத்தான் சொன்னார் என்றார். தன் வீட்டில் குண்டு வீசப்பட்ட மறு வருடம் பேசியது அது.

வழக்கு விஷயம். தலைமை ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டவில்லை. யோவான் 18:23 வாசித்துப் பாருங்கள். தப்பாகப் பேசியிருந்தால் தப்பைச் சொல், சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்டார். கெத்செமனேயில் வெட்டுண்ட மல்குஸின் காதைத் தொட்டுச் சுகமாக்கியவரும் அதே இரவில் அவரேதான். பவுலும் அப்படித்தான். பிலிப்பி சிறையில் காவல்காரன் வாளை எடுத்துத் தன்னைக் குத்திக்கொள்ளப் போனபோது "உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே" என்று கத்தி அவன் உயிரைக் காப்பாற்றினார். காலையில் அதிகாரிகள் இரகசியமாக விடுதலை செய்ய ஆள் அனுப்பியபோது, ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் எல்லோருக்கும் முன்னால் அடித்தார்கள், அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அசையாமல் இருந்தார். அப்போஸ்தலர் 16, ஒரே அதிகாரம்தான். காவல்காரனுக்கு இரக்கம், அதிகாரிகளிடம் நியாயம்.

நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லுங்கள், படலையில் தண்ணீரைக் கொடுங்கள். ரூபன் தம்பி சொல்வது போல அடி வாங்குகிறவனுக்கு மட்டும் பிரசங்கம் பண்ணுகிற சபைகள் உண்டு. அது நம்மைப் போலப் பிரசங்கிக்கிறவர்கள் திருத்த வேண்டிய காரியம்.

தம்பலகாமத்தான்

நான் சைவன், கோயில் ஊர்க்காரன். இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பதோடு சரி. எங்கள் பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் நினைவுக்கு வந்தார். திருக்கோவலூரை ஆண்டவர். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, புத்தக மறைப்பில் கத்தியை ஒளித்துக்கொண்டு அரண்மனைக்குள் வருகிறான். ஆகமம் சொல்லப் போகிறேன் என்கிறான். அரசர் அவனை உயர இருத்தித் தான் தரையில் இருந்து கும்பிடும்போது குத்துகிறான். காவலாள் தத்தன் வாளை ஓங்குகிறான். விழுந்துகொண்டே அரசர் சொன்னது: "தத்தா, நமர்." நம்மவர். அதோடு விடவில்லை. ஊர்ச்சனம் அவனைக் கொன்றுவிடாமல் எல்லை வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்கிறார். தத்தன் திரும்பி வந்து "போய்விட்டான்" என்று சொல்லும் வரை அவருடைய உயிர் பிரியவில்லை.

குறளில் "இன்னா செய்தாரை ஒறுத்தல்" எல்லோருக்கும் பாடம். நன்மை செய்தால் அவன் நாணுவான் என்கிறது அது. நாயனார் கதையில் முத்தநாதன் நாணினானா இல்லையா என்பது பேச்சே இல்லை. எனக்கு அந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது.

டொக்யார்ட் வீதி

ஐயா, அந்த எல்லை வரை கூட்டிக்கொண்டு போகிற இடம் என்னை உலுக்கிவிட்டது. ஒன்று மட்டும் யோசிக்கிறேன். நாயனார் வணங்கியது சிவவேடத்தை, இல்லையா? உள்ளே இருந்தவன் யாரென்று தெரிந்த பிறகும் வேடத்துக்காகவே காப்பாற்றினார். இயேசு சொல்வதில் அந்த வேடமும் இல்லை. லூக்கா 10இல் குற்றுயிராகக் கிடந்த யூதனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியவன் சமாரியன். இரண்டு இனத்துக்கும் ஆகாது. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். கிடந்தவனிடம் வணங்கத்தக்க அடையாளம் எதுவும் இல்லை, காயம் மட்டும்தான்.

தம்பலகாமத்தான்

சரி, ஒத்துக்கொள்கிறேன், அது வித்தியாசம்தான். ஆனால் எங்கள் பெரியவர்கள் எல்லா உயிரும் அவன் தங்குமிடம் என்றுதான் சொல்லித் தந்தார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் வேடம் பூசாதவனும் நமர்தான்.

மூதூர் நானா

குர்ஆனில் சூரா புஸ்ஸிலத், 34ஆவது வசனம்: தீமையை மிக நல்லதைக் கொண்டு தடுத்துக்கொள், அப்போது உன்னோடு பகை உள்ளவன் உற்ற நண்பனைப் போல ஆகிவிடுவான். அடுத்த வசனமே, பொறுமை உள்ளவர்களுக்குத் தவிர இது கிடைக்காது என்கிறது.

2006 ஆகஸ்டில் மூதூரை விட்டு ஊரோடு வெளிக்கிட்டோம். கந்தளாய்க்குக் கிட்ட ஒரு வீட்டில் ஒரு சிங்கள அம்மா முற்றத்தில் பெரிய பானையை அடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சீனியைக் கொட்டிவிடுவார், நக்கி நக்கிக் குடித்தோம். எங்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த நாளில் யார் யாருக்கு எதிரி என்று சொல்லவே முடியாமல் இருந்தது. தண்ணீரைத் தடுக்காதீர்கள் தங்கச்சி.

உவர்மலை ரூபன்

எல்லோரும் அழகாகச் சொல்கிறீர்கள், நானும் வேதம் வாசிக்கிறவன்தான். 2 இராஜாக்கள் 6இல் எலிசா சீரியப் படையைச் சமாரியாவுக்குள் கொண்டுபோய் விடுகிறார். ராஜா வெட்டட்டுமா என்று கேட்கிறான். எலிசா வேண்டாம், அப்பமும் தண்ணீரும் கொடு என்கிறார். பெரிய விருந்தே வைத்து அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு சீரியப் படைகள் வரவில்லை என்று 23ஆம் வசனம் முடிகிறது. எல்லாப் பிரசங்கமும் அங்கே நின்றுவிடும். 24ஆம் வசனம் என்ன? சீரிய ராஜா பெனாதாத் தன் முழுச் சேனையோடும் வந்து சமாரியாவை முற்றுகை போட்டான். பஞ்சத்தில் கழுதைத் தலை எண்பது வெள்ளிக்காசுக்கு விற்றது. கொடுத்த விருந்துக்கு என்ன பலன்?

டொக்யார்ட் வீதி

தம்பி, 24ஆம் வசனத்தை விட்டுவிட்டுப் பிரசங்கிப்பது சரியில்லை, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் இயேசு பலனைக் காரணமாகச் சொல்லவே இல்லை. சத்துரு திருந்துவான், அதனால் அன்பு செய் என்று மத்தேயு 5இல் ஒரு இடத்திலும் கிடையாது. பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், நீதியுள்ளவன் காணியிலும் அநீதியுள்ளவன் காணியிலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார், நீங்கள் அவருடைய பிள்ளைகள் என்பதுதான் காரணம். ஐப்பசியில் மாரி தொடங்கினால் வேலி தள்ளிப் போட்டவரின் கிணறும்தான் ஊறும்.

பலன் கிடைக்காமலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள். டிர்க் வில்லெம்ஸ் என்று ஒரு டச்சுக்காரர், அஸ்பெரன் என்ற ஊர். திரும்ப ஞானஸ்நானம் பெற்றதற்காகவும், தன் வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்க இடம் விட்டதற்காகவும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி இறங்கித் தப்பினார். பனி உறைந்த நீர்நிலை, மேலே மெல்லிய ஐஸ். சிறைச் சாப்பாட்டில் மெலிந்து கிடந்தவர், அவரை ஐஸ் தாங்கியது. துரத்தி வந்த காவல்காரன் உடைந்து உள்ளே விழுந்தான், காப்பாற்று என்று கத்தினான். வில்லெம்ஸ் திரும்பிப் போய் அவனை இழுத்து எடுத்தார். அந்த ஆள் அவரை விட்டுவிடத்தான் பார்த்தான். கரையில் நின்ற அதிகாரி, நீ செய்த சத்தியத்தை நினை, பிடி என்று கத்தினான். பிடித்தார்கள். 1569 மே மாதம் உயிரோடு எரித்தார்கள். தொடர்ந்து ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம்.

பலன் என்ன என்று என்னைக் கேட்டால், இந்த உலகத்தில் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் யாருடைய பிள்ளை என்பது தெரிந்துவிட்டது.

அண்ணனைத் தேடுகிறேன்

இத்தனை நாளும் இங்கே எழுதியதில்லை. என் அண்ணாவை 1990இல் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் தகவல் இல்லை. காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஜெபக் கூட்டத்தில் ஒருவர், "மன்னித்துவிடம்மா, இந்த ரோட்டில் நிற்கிற வேலையை விடு, பகைவரை நேசிக்கச் சொல்லியிருக்கிறார்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்குப் போக மனம் வரவில்லை. யாரை மன்னிப்பது? நான்தான் செய்தேன் என்று ஒருவரும் வரவில்லையே. அண்ணா எங்கே என்று கேட்பது பகையா?

நிலாவெளி மறையாசிரியை

அக்கா, பகை இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவருக்கு இந்த வசனத்தை அப்படிக் கையாள எந்த உரிமையும் இல்லை. எனக்கு நெஞ்சு எரிகிறது.

டொக்யார்ட் வீதி

தங்கச்சி, 2 சாமுவேல் 21ஐ வாசித்திருக்கிறீர்களா? ரிஸ்பாள் என்ற தாய். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் சவுலின் வீட்டைச் சேர்ந்த இன்னும் ஐந்து பேரையும் கிபியோனியர் கொன்று மலையில் தூக்கிவிட்டார்கள். அடக்கம் பண்ணவில்லை. அவள் இரட்டுத்துணியைப் பாறைமேல் விரித்து, அறுப்புத் தொடங்கின நாள் முதல் மழை பெய்யும் வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவையை விரட்டினாள், இரவில் மிருகத்தை விரட்டினாள். யாரையும் அவள் தாக்கவில்லை, சபித்ததாகவும் வேதத்தில் இல்லை, ஆனால் எழும்பிப் போகவும் இல்லை. செய்தி ராஜாவின் காதுக்குப் போய் எலும்புகள் எல்லாவற்றையும் எடுத்து அடக்கம் பண்ணினார்கள். அதற்குப் பிறகே தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. லூக்கா 18இல் நியாயம் கேட்டு அலுக்காமல் வந்த விதவையை ஜெபத்துக்கே உதாரணமாகக் காட்டியவர் இயேசு.

சத்துருவுக்கு நன்மை செய்வது என்றால், அவனுக்குக் கெடுதி நினைக்காமல் இருப்பது, அவன் பசித்திருந்தால் சாப்பாடு கொடுப்பது. அவன் செய்ததை இல்லை என்று சொல்வது அதில் சேராது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு அடுத்த வருடம் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, தாக்கினவர்களை மன்னித்துவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன் பின்னால் யார் இருந்தார்கள் என்று விசாரிக்கும்படி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. நீங்கள் ரோட்டில் நில்லுங்கள். மன்னிப்பு உங்களுடையது, எப்போது கொடுப்பது என்று இன்னொருவர் உங்களுக்கு நாள் குறிக்க முடியாது.

உவர்மலை ரூபன்

அக்கா, அடுத்த முறை நிற்கும்போது சொல்லுங்கள். நானும் வருகிறேன், எங்கள் இளைஞர் குழுவில் இன்னும் சிலர் வருவார்கள்.

நிலாவெளி மறையாசிரியை

எல்லோருக்கும் நன்றி. கச்சேரியடி சொன்னபடி சட்டத்தரணியிடம் பேசினோம், கடிதம் எழுதித் தருகிறார். காணி உறுதி கணவர் பெயரில் இருப்பதால் அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். முதலில் மறுத்தார். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று மாமியார் நினைவுபடுத்தினார், அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்குத் தவணை வழமைபோல நடக்கும். அந்த மனிதர் இன்னும் எங்களோடு பேசவில்லை.

ஞாயிறு வகுப்பை மலைப்பொழிவில் தொடங்காமல் கழுதைக் கதையில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பெரிய பிள்ளைகளுக்கு யோவான் 18ஐயும் சேர்த்துச் சொல்வேன். டிடாக்கே என்ற ஆதித் திருச்சபை நூலில் "உங்களைத் துன்புறுத்துவோருக்காக நோன்பிருங்கள்" என்று இருக்கிறதே, அதையும் சொல்லலாமா?

வார்ட்டில் வேலை செய்கிறேன்

டீச்சர், நோன்பைச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நான் தாதி. அடிபட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். உங்கள் வகுப்பிலும் வீட்டில் அடி வாங்குகிற பிள்ளை, அதைவிட மோசமானது நடக்கிற பிள்ளை இருக்கலாம். "பகைவரை நேசி, மறு கன்னத்தைக் காட்டு" என்று கேட்டுவிட்டுப் போகிற அந்தப் பிள்ளை, இதையும் பொறுத்துக்கொள்ளத்தான் கடவுள் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: உங்களை யாராவது நோகச் செய்தால், தொடக்கூடாத இடத்தில் தொட்டால், உடனே என்னிடமோ நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ சொல்ல வேண்டும், அது பாவம் இல்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, எந்த நேரமும் எடுக்கலாம். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். மன்னிக்கிறேன் என்று எந்தப் பிள்ளையையும் எழும்பி நின்று சொல்லவைக்க வேண்டாம்.

நிலாவெளி மறையாசிரியை

எழுதுகிறேன் அக்கா. மற்ற வகுப்பு ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை எங்களுக்குக் கூட்டம் இருக்கிறது, பங்குத்தந்தையும் வருவார், அவரிடமும் நேரில் பேசிவிடுகிறேன்.